பட்டறையில் எடுபிடியாக இருந்தால்தான் தச்சு வேலை வருமா?

கேள்வி, 11 மே 2025, மாலை 6.15

வயது 24. மெக்கானிக்கல் டிப்ளமோ. இரண்டு வருடமாக ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறேன், பிடிக்கவில்லை. அலமாரி, மேசை, கட்டில் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் யாருக்கும் இந்தத் தொழில் கிடையாது. ஒரு பட்டறையில் கேட்டதற்கு, "முதல் ஆறு மாசம் கூட்டிப் பெருக்கு, சாமான் எடுத்துக் கொடு, அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். சம்பளப் பேச்சே இல்லை. இது சும்மா ஓசிக்கு ஆள் பிடிக்கிற வேலை என்று நினைக்கிறேன். யூடியூபில் இல்லாததா? நல்ல கருவி வாங்கி வீட்டிலேயே ஒரு வருடம் பழகினால் பட்டறைப் பையனை முந்திவிடலாம். தப்பா?

உப்புத்தாள், 11 மே, இரவு 10.40

தப்பு.

சரி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2002இல் பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டுவிட்டுத் தென்காசிப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். எங்கள் வீட்டிலும் யாரும் ஆசாரி இல்லை, அப்பா டீக்கடை. முதல் ஆறு மாதம் உளியைத் தொடவிடவில்லை. காலையில் போனதும் முந்தின நாள் சீவலையும் தூளையும் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்ட வேண்டும். மரம் வந்தால் இறக்க வேண்டும், பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்துக் காற்றாட அடுக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம் உப்புத்தாள் போடுவது. என் பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

கூட்டிப் பெருக்குவதில் என்ன படிப்பு என்று நானும்தான் நினைத்தேன். தேக்குத் தூள் விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு காட்டும், பழைய தோல் செருப்பு மாதிரி ஒரு வாசம். வாகைத் தூளை அள்ளினால் தும்மல் நிற்காது. வேம்பு தொண்டையில் கசக்கும். நாலு மாதத்தில் எந்தச் சாக்கில் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இன்றைக்கும் டிப்போவில் யாராவது சாயம் பூசின கட்டையைத் தேக்கு என்று தள்ளப் பார்த்தால், ஓரத்தைச் சுரண்டி மோந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். உங்கள் போனில் வாசம் வருமா?

சீவலும் அப்படித்தான். மூத்தாசாரி இழைத்தது ஒரு முழ நீளத்துக்கு அறுபடாமல் சுருண்டு கிடக்கும். அவர் மகன் இழைத்தது பொடிப்பொடியாக இருக்கும். அந்தப் பட்டறையில் யாருடைய இழைப்புளி மழுங்கியிருக்கிறது என்பது துடைப்பம் பிடித்தவனுக்குத்தான் முதலில் தெரியும்.

உப்புத்தாள், 13 மே, காலை 7.05

மூன்று பேர் ஒரே கேள்வி, என்ன கருவி வாங்குவது என்று. கேட்டவர் வேறு 40,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். தம்பி, முதலில் ஒரு அங்குல உளி ஒன்று, அரை அங்குல உளி ஒன்று, இரண்டு பக்கமும் தீட்டும் எண்ணெய்க்கல் ஒன்று, மூலைமட்டம் ஒன்று. பாக்கிப் பணத்தை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

கடையில் வாங்கின உளி வெட்டாது. தீட்டித்தான் ஆக வேண்டும். முதலில் பின்பக்கம். அது கண்ணாடி மாதிரி சமமாக வரும்வரை கல்லில் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும், இது ஒரே ஒரு தடவை செய்கிற வேலை, ஆனால் ஒரு முழு மாலை போகும். அப்புறம் முன்பக்கச் சரிவு. சாணையில் 25 டிகிரி, கல்லில் நுனி மட்டும் 30 டிகிரி. கல்லில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். தேய்க்கத் தேய்க்கப் பின்பக்கம் ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலால் நுனியைத் தாண்டி வெளியே தடவினால் தட்டுப்படும். அகலம் முழுக்கப் பிசிறு வந்துவிட்டதா? உளியைத் திருப்பிப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு. பிசிறு போய்விடும். இடதுகை நகத்தின் மேல் உளியைச் சும்மா சாய்த்து வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போங்கள்.

அந்தச் சாய்மானம் மாறாமல் கை ஓட வேண்டும், அதுதான் கஷ்டம். மூத்தாசாரி என் உளி மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, "ஏலே, காசு விழாம தீட்டு, விழுந்தா எனக்கு, விழாட்டா உனக்கு" என்பார். அந்தக் காசை நான் சம்பாதிக்க எத்தனை நாள் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உப்புத்தாள், 13 மே, காலை 7.20

ஆமாம், சாய்மானம் பிடித்துக்கொள்ளச் சக்கரம் வைத்த சின்னப் பிடி கடையில் கிடைக்கிறது. ஆமாம், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது எடுப்பேன்.

உப்புத்தாள், 18 மே, இரவு 9.30

கேட்டவர் போட்ட படத்தைப் பார்த்தேன். எட்டடிப் பிளைவுட்டில் ஒரு அடி வீதம் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றாக அளந்து வரிசையாக அறுத்து, எட்டாவது துண்டு மட்டும் குட்டையாகப் போய்விட்டது. "டேப் தப்பா?" என்கிறார்.

டேப் சரியாகத்தான் இருக்கிறது. வாள் தின்றுவிட்டது. மெஷின் வாளின் கனம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். எட்டுத் துண்டுக்கு ஏழு வெட்டு, 21 மில்லிமீட்டர் தூளாகப் போயிற்று. அவர் துண்டும் அவ்வளவுதான் குறைகிறது, கணக்கு நேராக இருக்கிறது. அறுக்கும் முன்னாலேயே வாள் தின்கிற கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடியோவில் இதைச் சொல்லியிருப்பார்கள். வேகமாக ஓட்டியிருப்பீர்கள்.

சிரிக்கவில்லை. நான் இதே தப்பைத் தேக்கில் செய்தேன். பிளைவுட்டில் செய்த நீங்கள் புத்திசாலி.

"ஆறேழு நூல் குறையுது" என்று மேலே ஒருத்தர் எழுதியதற்கு, எந்த நூல் என்று இன்னொருத்தர் கேட்டிருக்கிறார். துணி தைக்கிற நூல் இல்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பட்டறையில் "அரை நூல் எடு" என்றால் இழைப்புளியால் அந்த அளவுக்குச் சீவி எடுப்பது. "ஒரு நூல் தள்ளு" என்றால் பென்சில் கோட்டை விட்டு வெளியே அறுப்பது. கேட்டவர் டிப்ளமோ, மில்லிமீட்டரில் யோசிப்பார். பரவாயில்லை. ஆனால் மூத்தவர்கள் நூலில்தான் திட்டுவார்கள்.

உப்புத்தாள், 1 ஜூன், மதியம் 2.10

ஒரு திருத்தம். வீட்டைக் காலி பண்ணும்போது என் பழைய டைரி கிடைத்தது. அந்தக் காலத்தில் தினம் இரண்டு வரி எழுதுவேன், பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி. சேர்ந்தது 2002 ஜூன் 19. "இன்று உளி தந்தார். வேப்பங்கட்டை. நாலு துளை." என்று எழுதியிருப்பது ஆகஸ்ட் 25. அறுபத்தேழு நாள்!

இருபத்து மூன்று வருடமாக எல்லாரிடமும் ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பட்டறைக்கு வந்த பையன்களிடமும் அதையே சொல்லி, அவர்களைக் கூட்டவும் விட்டிருக்கிறேன். போன வருடம் ஒருத்தன் இரண்டு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இப்போது உணவு டெலிவரி பண்ணுகிறான், சிக்னலில் பார்த்தேன், வணக்கம் வைத்தான். நல்ல கண் அவனுக்கு. பலகையில் முறுக்கு இருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

டைரியைப் படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிகிறது. வாரா வாரம் நாலைந்து இடத்தில் "டீ வாங்கப் போனேன்" என்று இருக்கிறது. கடை பக்கத்தில் இல்லை, பஸ் ஸ்டாப் வரை நடக்க வேண்டும். தேதியை வேலையோடு சேர்த்துப் பார்த்தால், அன்றைக்கெல்லாம் புது அலமாரிக்கோ கதவு நிலைக்கோ அளவு போட்டிருக்கிறார்கள். அதாவது அளவு போடும் நேரம் பார்த்து மூத்தாசாரி என்னைத் தூக்குவாளியோடு அனுப்பியிருக்கிறார். திரும்பி வரும்போது கட்டையில் எல்லாக் கோடும் இருக்கும். எனக்கு வெட்டுகிற வேலை மட்டும். எதேச்சையாக நடந்ததா, வேண்டுமென்றே செய்தாரா? அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. டீ குடிக்கப் பிடிக்கும், போனேன்.

ஆகவே 11 மே அன்று "தப்பு" என்று எழுதினேனே, அதை "பாதி தப்பு" என்று வாசித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் கூட்டினது வீண் போகவில்லை. அதற்குமேல் கூட்டினது அவருக்கு மிச்சம், எனக்கு ஒன்றுமில்லை.

உப்புத்தாள், 1 ஜூன், மதியம் 2.25

அறுபத்தேழுதானா என்று ஒருத்தர் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். சரியாம். கணக்கில் கோட்டை விட்டவன் என்றதும் சந்தேகம் போல.

உப்புத்தாள், 8 ஜூன், இரவு 11.15

"ஆசாரி வீட்டுப் பையனாக இருந்தால் டீ வாங்க அனுப்பியிருப்பாரா?" என்று ஒருத்தர் நேராகவே கேட்டுவிட்டார். மாட்டார். அவர் மகனை ஒரு நாளும் அனுப்பினதில்லை. என்னைச் சேர்க்கும்போதே, "நம்ம பிள்ளைகளுக்கே வேலை பத்தல" என்று அப்பாவிடம் சொன்னவர்தான். கடன் சொல்லிக் குடித்த டீக்குப் பதிலாகத்தான் என்னைச் சேர்த்தார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொத்து என்று அவரிடம் இருந்தது அந்தக் கோடுகள் மட்டும்தான். நான் கற்றுக்கொண்டு எதிர்த் தெருவில் பட்டறை போட்டால் அவர் என்ன செய்வார்? (போட்டேன். எதிர்த் தெருவில் இல்லை, மதுரையில்.)

இப்போது அரசுத் திட்டம் உண்டே என்கிறீர்கள். 2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தை 18 தொழில்களுக்கு ஆரம்பித்தது, தச்சும் அதில் ஒன்று. பரம்பரைத் தொழில் என்கிற நிபந்தனை குலத்தொழிலுக்குத் தள்ளுவதாக இருக்கிறது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல், 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக 25 தொழில்களுக்குத் தொடங்கியது. ஆனால் அது ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குக் கடனும் மானியமும், அதுவும் 35 வயதுக்கு மேல். 24 வயதில் புதிதாக வருகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

அவருக்குச் சரியான வழி ஐ.டி.ஐ. கார்பெண்டர் பிரிவு ஒரு வருடம், எட்டாம் வகுப்பு போதும். அரசு ஐ.டி.ஐ. என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, தேடிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் "ஐ.டி.ஐ. பையனுக்குக் கை வராது" என்று நக்கல் அடிப்பேன். அங்கே அளவு போடுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறார்கள். டீ வாங்க அனுப்புவதில்லை.

உப்புத்தாள், 20 ஜூலை, மாலை 5.45

இந்த விவாத இழை எங்கேயோ போய்விட்டது. பர்மா தேக்கு பற்றி இருபது பதிவு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 2014 ஏப்ரலில் மியான்மர் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் தூத்துக்குடியில் இறங்கின உருட்டுக் கட்டை செங்கோட்டை வாளறுவை ஆலைக்கு வந்து, அங்கிருந்து பலகையாக எங்களிடம் வரும். இப்போது தேக்கு என்று வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கத் தோட்டத்து மரம். மோசமில்லை. ஆனால் இளசிலேயே வெட்டுவதால் வைரம் கம்மி, ஓரத்தில் வெள்ளை அதிகம். வெள்ளையைச் சேர்த்துக் கட்டினால் வண்டு முதலில் அங்கேதான் போகும். வாங்கும்போது அடுக்கில் மேல் பலகையை மட்டும் பார்க்காமல் நடுவில் ஒன்றை உருவச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சொல்லுங்கள்.

ஃபெவிகாலா வஜ்ஜிரமா (மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சின பசை) என்று அடித்துக்கொள்கிறவர்களுக்கு: ஃபெவிகால் 1959இல் வந்தது. உங்கள் தாத்தா கட்டிலில் இருப்பது வஜ்ஜிரமாக இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் விட்டுவிடும், அதனால்தான் பழைய நாற்காலியைப் பிரித்து மறுபடி ஒட்ட முடிகிறது. காய்ச்சும்போது நாற்றம் தாங்காது. யாரும் ஏக்கப்பட வேண்டாம்.

"இன்றைக்கு எல்லாம் பிளைவுட், மைக்கா, மினிஃபிக்ஸ். கழுந்தும் துளையும் எதற்குக் கற்க வேண்டும்?" இது நல்ல கேள்வி. (மினிஃபிக்ஸ் என்பது பலகைகளைத் திருகி இணைக்கும் உலோகப் பூட்டு. கழுந்து என்பது கட்டையின் நுனியைச் சீவி இன்னொரு கட்டையின் துளைக்குள் இறக்குவது.) என் வருமானத்தில் முக்கால்வாசி பிளைவுட் சமையலறையில்தான் வருகிறது. ராஜஸ்தானிலிருந்து வந்த பையன்கள் அதை என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள், சுத்தமாகவும். இதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கதவு தொங்கினால் ஏன் தொங்குகிறது என்று கண்டுபிடிக்கும்போது கழுந்து தெரிந்தவன் கொஞ்சம் சீக்கிரம் கண்டுபிடிக்கிறான். அவ்வளவுதான் தேறியது.

உப்புத்தாள், 10 ஆகஸ்ட், இரவு 8.50

யூடியூப் விஷயத்தில் இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது.

பட்டறையில் இரண்டாவது வருடம், மார்கழி. ஒரு வாத்தியார் வீட்டுக்குத் தேக்கு அலமாரி. கதவு என்றால் நாலு பக்கம் சட்டம், சட்டத்தின் உள்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், காடிக்குள் நடுப்பலகை. சட்டங்களைச் சேர்த்து முடுக்கும்போது மூத்தாசாரி ஊரில் இல்லை. நான் நல்ல பிள்ளையாகக் காடி முழுக்கப் பசையை வார்த்து, பலகை இம்மியும் ஆடாமல் ஒட்டிவிட்டேன். அவர் ஒருபோதும் காடியில் பசை போட்டதில்லை. அது கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பங்குனியில் வாத்தியார் வந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு வெடிச்சத்தம் கேட்டு எழுந்தாராம், திருடன் என்று விளக்கைப் போட்டால் அலமாரிக் கதவு நடுவில் மேலிருந்து கீழ் வரை பிளந்து நிற்கிறது. விரல் நுழையாது, காசு நுழையும்.

மூத்தாசாரி திட்டவில்லை. பிளவின் நீளத்துக்கு அதே தேக்கில் ஒரு சிம்பு சீவி, ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மெல்லிசாக்கி, இறக்கி ஒட்டி இழைத்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். "காடிக்குள்ள பசை போடாதல" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் என்பதை நான் தெரிந்துகொண்டது 2016இல், போனில், ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வீடியோவில். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், செத்து நூறு வருடம் ஆனாலும். நடுப்பலகையை விட்டால் காடிக்குள் அது பாட்டுக்குச் சுருங்கி விரியும். ஒட்டிவைத்தால் வெயில் காலத்தில் சுருங்க இடமில்லாமல் தன்னைத்தானே பிளந்துகொள்ளும். மூன்று நிமிட வீடியோ. பன்னிரண்டு வருடம் நான் காரணம் தெரியாமல் பசை போடாமல் இருந்தேன்.

மூத்தாசாரிக்குக் காரணம் தெரியுமா என்றே இப்போது யோசிக்கிறேன். அவர் அப்பா போடவில்லை, அவரும் போடவில்லை. கேட்டிருக்கலாம். 2011இல் போய்விட்டார்.

உப்புத்தாள், 11 ஆகஸ்ட், காலை 6.30

நேற்று எழுதியதைப் படித்தால் நான் கட்சி மாறிவிட்டது போல இருக்கிறது. முழுக்க இல்லை. அந்தச் சிம்பு சீவி இறக்கியதை இன்று வரை எந்த வீடியோவிலும் அவ்வளவு சுத்தமாகப் பார்க்கவில்லை. அப்போது டீ வாங்க அனுப்ப மறந்துவிட்டார், பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கேட்டவருக்கு: வேலையை விடாதீர்கள். ஷிஃப்ட் இல்லாத நாளில் மதுரை வரமுடியுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

உப்புத்தாள், 2 அக்டோபர், இரவு 9.00

நேற்று ஆயுத பூஜை. கருவியெல்லாம் கழுவித் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்து வரிசையாகப் படுக்கவைத்தாயிற்று. ஒரு நாள் யாரும் தொடக் கூடாது. இன்று விஜயதசமி, கேட்டவர் வந்தார். அவருடைய உளியையும் கொண்டுவந்திருந்தார். நகத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. வீட்டிலேயே மே மாதத்திலிருந்து தீட்டிப் பழகியிருக்கிறார், சக்கரம் வைத்த பிடி இல்லாமல். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

துடைப்பத்தைக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக் கூட்டினார். அது வேறு விஷயம்.

ஒரு ஸ்டூலுக்கு அளவு போட்டேன், அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்லி. சொல்லப் போனால் எனக்கே இரண்டு கோட்டுக்குக் காரணம் தெரியவில்லை. ஒன்றை விட்டுவிட்டுச் செய்து பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருடம் சும்மா போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொன்றை விட எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் துளை ஒரு நூல் சாய்ந்துவிட்டது. இரண்டாவது அரை நூல். கொட்டாப்புளியை, அதாவது மரச் சுத்தியலை, கோயில் மணி அடிக்கிற மாதிரி பிடிக்கிறார், மாற்ற வேண்டும்.

உப்புத்தாள், 19 அக்டோபர், மாலை 4.20

நாளை தீபாவளி, பட்டறை மூன்று நாள் லீவு. மழை பிடித்துக்கொண்டது. சித்திரையில் நான் செய்து கொடுத்த மேசையின் இழுப்பறை திறக்கவில்லை என்று காலையில் போன் வந்தது. உப்பிவிட்டது. மேல்பக்கம் இன்னும் அரை நூல் இடம் விட்டிருக்க வேண்டும். வெயில் காலத்தில் செய்யும்போது எப்போதும் இதில்தான் கஞ்சத்தனம் பண்ணுவேன், இறுக்கமாக இருந்தால் பார்க்க அழகு என்று.

கேட்டவர் கூட வருகிறேன் என்றார். இப்போது இழைக்கக் கூடாது, மழை விட்டதும் தொளதொளத்துவிடும், தை வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்று அவரே சொன்னார். மெழுகுவர்த்தியை ஓரத்தில் தேய்த்துவிட்டு வந்தோம். இப்போதைக்குத் திறக்கிறது.

லீவு முடிந்ததும் கழுந்து. குடை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பட்டறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.